நவம்பர் கடைசியில பிட்ஸ்பர்க் போறீங்களா, அஞ்சு மணி இருட்டை வச்சு பிளான் போடுங்க

அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட்ல இருக்கற பிட்ஸ்பர்க்குக்கு எப்போ வரலாம்னு யாரை கேட்டாலும் அக்டோபர் நடுவுல வாங்க, இலை கலர் மாறியிருக்கும்னுதான் சொல்வாங்க. நல்ல யோசனைதான், ஆனா நம்ம ஆளுங்க பாதி பேருக்கு லீவு கிடைக்கிறது தேங்க்ஸ்கிவிங் வாரத்துலதான், அதாவது நவம்பர் நாலாவது வியாழனை ஒட்டி, அதுக்குள்ள இலையெல்லாம் கொட்டி ஓக் மரத்துல மட்டும் பழுப்பா கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், வானம் முக்கால்வாசி நாள் சாம்பல் கலர்ல மூடியே கிடக்கும், இப்ப போய் என்னத்த பாக்கறதுன்னு நிறைய பேர் தள்ளிப் போட்டுடறாங்க. என்னை கேட்டா தள்ளிப் போடாதீங்க. இது மலையும் ஆறும் பாலமுமா பின்னிக் கிடக்கற ஊர், கோடையில சரிவு பூரா மரம் மூடி ஒரே பச்சையா தெரியும், இலை கொட்டினப்புறம்தான் வீடுங்க எப்படி மலைச்சரிவுல தொத்திக்கிட்டு நிக்குது, தெரு போட முடியாத இடத்துல படிக்கட்டு எங்கெங்க ஏறுது, கீழ கூட்ஸ் வண்டி எந்த ஆத்தங்கரையில போகுது, மூணு ஆறும் எங்க சேருதுன்னு ஊரோட அமைப்பு மொத்தமும் கண்ணுக்கு படும். 446 பாலம் இருக்குன்னு சொல்றாங்களே, அது ஏன்னு அப்பதான் புரியும்.

ஆனா ஒரு விஷயத்தை முன்னாடியே மனசுல வச்சுக்கணும், அது வெளிச்சம். நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, அதுக்கப்புறம் அஞ்சே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், மாசக் கடைசியில அஞ்சு மணி கூட ஆகாது, காலைலயும் ஏழு மணி தாண்டினாதான் விடியும். ஊருக்கு புதுசா வர்றவங்க என்ன பண்றாங்கன்னா நிதானமா டிஃபன் சாப்பிட்டு பதினோரு மணிக்கு கிளம்பி நேரா மியூசியத்துக்குள்ள போயிடறாங்க, அங்க அஞ்சு மணிக்கு மூடறாங்கன்னு வெளிய வந்தா கும்மிருட்டு, அன்னிக்கு ஊரையே பாக்கல. அதனால என் கணக்கு இதுதான்: காலைல வெளியில சுத்தணும், மதியம் குளிர் காத்து அடிக்கறப்போ உள்ள இருக்கணும், நாலு மணிக்கு எங்க இருந்தாலும் விட்டுட்டு மவுன்ட் வாஷிங்டன் மேல ஏறிடணும், ராத்திரிக்கு டவுன்டவுன். இந்த ஒரு கணக்கை பிடிச்சுக்கிட்டீங்கன்னா ரெண்டு மூணு நாள்லயே ஊரை நல்லா பாத்துடலாம், ஊரும் ஒண்ணும் பெருசு இல்ல, 3 லட்சம் பேர்தான்.

மொதல்ல ஊருக்குள்ள நுழையறதை பத்தி சொல்லிடறேன், ஏன்னா இந்த ஊர்ல நுழையறதே ஒரு காட்சி. ஏர்போர்ட் மேற்கே இருக்கு, 2025 நவம்பர்ல புது டெர்மினல் திறந்தாச்சு. அங்க இருந்து கார்லயோ டாக்ஸிலயோ வந்தா வழி பூரா சாதாரண மேடும் காடும்தான், ஊரே இருக்கற மாதிரி தெரியாது, கடைசியில ஃபோர்ட் பிட் டனலுக்குள்ள நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வந்தீங்கன்னா ஒரே நொடியில ஆறு, மஞ்சள் பாலங்கள், கண்ணாடி கட்டடங்கள், ஸ்டேடியம் எல்லாம் கண்ணு முன்னாடி. நீங்களே ஓட்டிக்கிட்டு வந்தா ஜாக்கிரதை, டனல் முடிஞ்ச உடனே பாலம், பாலத்துலயே லேன் பிரியும், அதனால டனலுக்கு முன்னாடியே எந்த எக்ஸிட்னு பாத்து லேன் பிடிச்சுடுங்க, பாக்கற வேலையை பக்கத்து சீட்ல இருக்கறவங்களுக்கு விட்டுடுங்க. கார் எடுக்காதவங்களுக்கு 28எக்ஸ் பஸ் ஏர்போர்ட்ல இருந்து டவுன்டவுன் வழியா ஓக்லாண்ட் வரைக்கும் போகுது, 2.75 டாலர், காசா குடுத்தா சரியான சில்லறை வேணும், டிரைவர் மீதி தர மாட்டார். யுனிவர்சிட்டில படிக்கற பிள்ளைங்க பூரா அதுலதான் வருவாங்க.

இப்போ நாலு மணி விஷயத்துக்கு வர்றேன், இதுதான் இந்த ஊர்ல கண்டிப்பா பண்ண வேண்டியது. மோனங்கஹேலா ஆத்துக்கு தெக்கால செங்குத்தா நிக்கற மலைதான் மவுன்ட் வாஷிங்டன், ஒரு காலத்துல அதுக்கு கோல் ஹில்னு பேரு, நிலக்கரி வெட்டின மலை. கீழ ஆத்தங்கரை மில்லுல வேலை, மேல வீடு, தினம் ஏறி இறங்க முடியாதுன்னு கேபிள் வண்டி போட்டாங்க, பழனில வின்ச் பாத்திருப்பீங்கள்ல அதே சங்கதிதான், ஒரு வண்டி ஏறும்போது இன்னொண்ணு இறங்கும். அந்த மாதிரி பதினேழுக்கு மேல இருந்துச்சாம், இப்ப மிச்சம் ரெண்டு: மோனங்கஹேலா இன்க்லைன் 1870ல ஆரம்பிச்சது, டுகேன் இன்க்லைன் 1877. ரெண்டும் இன்னும் ஓடுது, காலைல இருந்து நடு ராத்திரி வரைக்கும். சுத்தி பாக்கறவங்க மட்டும் இல்ல, ஆபீஸ் போறவங்க கூட இதுல ஏறி இறங்குவாங்க.

டுகேன்ல ஏறுங்க, என்னோட ஓட்டு அதுக்குத்தான். பழைய மரப்பெட்டி, உள்ள செதுக்கு வேலை, சின்ன பெஞ்சு, கதவு சாத்தினதும் கேபிள் ஒரு இழு இழுக்கும், அப்புறம் மெதுவா கடகடன்னு ஏற ஆரம்பிக்கும், நீங்க ஆத்தை பாத்த பக்கம் உக்காந்துடுங்க. ஏற ஏற முதல்ல கீழ ரோட்டுல போற கார் லைட் சின்னதாகும், அப்புறம் ஆறு அகலமாகும், அப்புறம் ரெண்டு ஆறு சேர்ற முனை தெரியும், இடது கைப்பக்கம் ஸ்டேடியம், எதிர்ல டவுன்டவுன். மேல ஸ்டேஷன்லயே பழைய போட்டோ, மாடல் எல்லாம் வச்சு ஒரு சின்ன மியூசியம் மாதிரி வச்சிருக்காங்க, கேபிளை சுத்தற பழைய மெஷினை கூட பாக்கலாம். வெளிய வந்தா கிராண்ட்வியூ அவென்யூ, மலை விளிம்பை ஒட்டியே போற தெரு, அங்கங்க வட்டமா மேடை நீட்டி கட்டியிருப்பாங்க. நாலரைக்கு அங்க நின்னுடுங்க. முதல்ல வானம் மங்கி வரும், ஆபீஸ் எல்லாம் இன்னும் விடல, அதனால மாடி மாடியா ஜன்னல் லைட் எரிஞ்சுக்கிட்டு இருக்கும், கோடையில வந்தா லைட் எரியறதை பாக்க ராத்திரி ஒன்பதரை வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள ஆபீஸும் காலி. நவம்பர்ல வேலை நேரமும் இருட்டும் ஒண்ணா வர்றதாலதான் இந்த காட்சி கிடைக்குது, அதனால சனி ஞாயிறை விட வார நாள்ல ஏறுங்க. கீழ ஆத்துல நிலக்கரி படகை தள்ளிக்கிட்டு ஒரு டோ போட் போகுதான்னும் பாருங்க, இன்னும் அந்த ஆத்துல சரக்கு போக்குவரத்து இருக்கு. அப்படியே தெருவோட ஒரு மைல் நடந்தா மோனங்கஹேலா இன்க்லைனோட மேல் ஸ்டேஷன் வந்துடும், அதுல இறங்கினா ஸ்டேஷன் ஸ்கொயர், அங்க இருந்து 'டி'ன்னு சொல்ற லோக்கல் ட்ரெயின் பிடிச்சு டவுன்டவுன். ரிப்பேருக்காக எப்பவாவது நிறுத்தி வைப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பாத்துக்கோங்க. மேல காத்து பலமா அடிக்கும், குல்லா இல்லாம போகாதீங்க.

துணிமணி பத்தி. நவம்பர் நடுவுல பகல்ல 10 டிகிரி செல்சியஸ் வாக்குல இருக்கும், ராத்திரி 1, 2ன்னு இறங்கும், மாசக் கடைசியில இன்னும் கம்மி, ஒரு நாள் வெயில் வந்து 15 போகும் மறுநாள் லேசா பனி தூவும், இங்க எதுவும் நிலையா இருக்காது. பனியை விட தொந்தரவு எதுன்னா மழையும் இல்லாம தூறலும் இல்லாம நசநசன்னு பெய்யற குளிர் மழை, அதனால ஒரே ஒரு கனமான ஸ்வெட்டரை விட உள்ள தெர்மல், நடுவுல ஃப்ளீஸ், மேல தண்ணி இறங்காத ஜாக்கெட்னு அடுக்கா போடுங்க, கட்டடத்துக்குள்ள ஹீட்டர் நல்லா ஓடும் அப்ப கழட்டணும். ஷூ முக்கியம், கீழ கிரிப் இருக்கணும், ஏன்னா ஊர் பூரா சரிவு, நடைபாதையில ஈர இலை படிஞ்சு கிடக்கும், அதுல கால் வச்சா சறுக்கும், அப்பா அம்மாவை கூட்டிக்கிட்டு வந்தா இதை ரொம்ப கவனிங்க, கேன்வாஸ் ஷூ வேண்டாம். இந்தியாவுல இருந்து ஜாக்கெட் வாங்கிட்டு வரணும்னு அவசியமே இல்ல, பென்சில்வேனியால சாதாரண துணிக்கும் செருப்பு ஷூவுக்கும் சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, பக்கத்து ஸ்டேட்ல இருந்தே வந்து வாங்கிட்டு போவாங்க, ஒரு மணி நேர தூரத்துல குரோவ் சிட்டி அவுட்லெட் இருக்கு. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் தள்ளுபடி விக்கற பிளாக் ஃப்ரைடே அன்னிக்கு அங்க பார்க்கிங் கிடைக்காது, புதன்கிழமையே போயிடுங்க.

ஒரு நாள் முழுக்க ஓக்லாண்டுக்கு ஒதுக்குங்க. டவுன்டவுன்ல இருந்து பஸ்ல கொஞ்ச தூரம், ரெண்டு பெரிய யுனிவர்சிட்டி, மியூசியம், பூங்கா எல்லாம் நடக்கற தூரத்துலயே இருக்கு. காலைல ஷென்லி பார்க்ல நடந்துட்டு வெயில் ஏறினதும் கார்னகி மியூசியத்துக்கு போங்க. ஆண்ட்ரூ கார்னகி ஸ்டீல்ல சம்பாதிச்ச பணத்துல 1895ல ஆரம்பிச்சது, ஒரே டிக்கெட்ல நேச்சுரல் ஹிஸ்டரியும் ஆர்ட்டும் பாத்துடலாம், செவ்வாய்க்கிழமை லீவ். டைனோசர் ஹால்ல நிக்கறதெல்லாம் பிளாஸ்டர் காப்பி இல்ல, பெரும்பாலும் நிஜ எலும்பு, டைரனோசரஸ் ரெக்ஸ்னு உலகத்துல முதல்ல பேர் வச்சு விவரிச்ச அதே எலும்புக்கூடு இங்கதான் இருக்கு, இதுக்காகவே பிள்ளைங்களை கூட்டிட்டு வரலாம். கார்னகி பேர் வச்ச டிப்ளோடோகஸும் இங்கதான், அதோட வார்ப்பைத்தான் லண்டன், பெர்லின், பாரிஸ்னு அனுப்பி வச்சார். டிப்பின்னு செல்லமா கூப்பிடற அந்த டிப்ளோடோகஸோட பெரிய சிலை வெளிய ரோட்டோரமா நிக்குது, குளிர் வந்துட்டா அதோட நீளக் கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப் சுத்தி விட்டுடுவாங்க, பிள்ளைங்க போட்டோ எடுக்க அதை விட நல்ல இடம் இல்ல.

அங்க இருந்து பாத்தாலே தெரியும் கதீட்ரல் ஆஃப் லேர்னிங், 42 மாடி, கோயில் கோபுரம் மாதிரி கோத்திக் பாணியில கட்டின யுனிவர்சிட்டி கட்டடம், 1926ல ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஊர்ல இருக்கற பள்ளிக்கூடத்து பிள்ளைங்க ஆளுக்கு பத்து சென்ட் குடுத்து ஒரு செங்கல் வாங்கின கட்டடம். மில் புகையில கறுப்பா கிடந்த கல்லை 2007லதான் கழுவினாங்க. கீழ் தளத்துல காமன்ஸ் ரூம்னு நாலு மாடி உயரத்துக்கு ஒரு கல் மண்டபம், கம்பளி போட்டுக்கிட்டு பசங்க லேப்டாப்போட படிச்சுக்கிட்டு இருப்பாங்க, உள்ள போறதுக்கு யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா குரலை தாழ்த்தி பேசுங்க. அதை சுத்தி நேஷனாலிட்டி ரூம்ஸ், 31 வகுப்பறை, ஒவ்வொண்ணும் ஒரு நாட்டு பாணியில, இந்த ஊர்ல குடியேறின மக்களோட கமிட்டிங்களே பணம் திரட்டி கட்டினது. இந்தியன் ரூம் 2000ல திறந்தாங்க, நாலந்தா பல்கலைக்கழக முற்றத்தை வச்சு ரோஸ் கலர் செங்கல்ல செஞ்சிருக்காங்க, அவசரப்படாம அஞ்சு நிமிஷம் அந்த பெஞ்சுல உக்காந்துட்டு வாங்க. நவம்பர் நடுவுல இருந்து ஒவ்வொரு அறையையும் அந்தந்த நாட்டு பண்டிகை அலங்காரத்தோட வைப்பாங்க, இது வருஷத்துல மத்த நாள்ல கிடைக்காது. அதெல்லாம் இன்னும் பாடம் நடக்கற வகுப்புங்கறதால வார நாள்ல சில அறை மூடியிருக்கும், சனி ஞாயிறு நல்லது.

இதே பக்கத்துல ஃபிப்ஸ் கன்சர்வேட்டரி, 1893ல கட்டின கண்ணாடி மாளிகை. வெளிய விரல் விறைக்கற குளிர்ல நடந்துட்டு கதவை திறந்து உள்ள போனா கண்ணாடி போட்டவங்களுக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் தெரியாது, ஆவி படிஞ்சுடும், துடைச்சுட்டு பாத்தா தென்னை வகை, ஆர்க்கிட், வாழை, ஈர மண் வாசனை. நவம்பர் கடைசியில குளிர்கால மலர்க்காட்சி ஆரம்பிச்சுடும், சாயங்காலம் தோட்டத்துல லைட் போடுவாங்க, அதுக்கு நேரம் போட்ட டிக்கெட், ஆன்லைன்ல முன்னாடியே எடுக்கணும். என்னோட நாலு மணி கணக்குக்கு விதிவிலக்கு குடுக்கறது இதுக்கு மட்டும்தான், ஒரு சாயங்காலம் மலை, இன்னொரு சாயங்காலம் ஃபிப்ஸ்.

சாப்பாடு. சனிக்கிழமை காலைல ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் போங்க, பென் அவென்யூ. முன்னாடி ரயில்ல வந்த காய்கறி பழம் இறக்கற மொத்த மார்க்கெட், இப்பவும் மீன் கடை, சீஸ் கடை, மசாலா கடை, நடைபாதையில உள்ளூர் ஃபுட்பால் டீம் ஸ்டீலர்ஸ் டி ஷர்ட் விக்கறவங்கன்னு கலகலன்னு இருக்கும். பென்சில்வேனியா மேக்கரோனி கம்பெனி 1902ல இருந்து இருக்கு, ஹோலீஸ் மீன் கடை 1912. ஒன்பது மணிக்குள்ள போயிட்டா கார் நிறுத்த இடம் கிடைக்கும், பத்தரைக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கணும். பிரைமான்டி பிரதர்ஸ் இங்க 1933ல ஆரம்பிச்சது, லாரி டிரைவர்ங்க ஒரே கையில சாப்பிடறதுக்காக ஃப்ரைஸ், கோல்ஸ்லா எல்லாத்தையும் பிரெட்டுக்குள்ளயே வச்சு குடுத்தாங்க, இன்னும் அப்படித்தான், கறி சாப்பிடாதவங்க முட்டையும் சீஸும் போட்டது கேளுங்க. அதை விட எனக்கு பிடிச்சது பியரோகி, மைதா மாவுக்குள்ள உருளைக்கிழங்கும் சீஸும் வச்சு மூடி வேக வச்சு, அப்புறம் வெண்ணெய்ல வெங்காயத்தோட வதக்கி தருவாங்க, போலந்து, உக்ரைன், ஸ்லோவாக்கியா பக்கம் இருந்து மில் வேலைக்கு வந்தவங்க கொண்டு வந்த சாப்பாடு, குளிருக்கு அவ்வளவு இதமா இருக்கும், சைவம்தான் ஆனா சில இடத்துல பேக்கன் தூவுவாங்க, கேட்டுக்கோங்க. பிரான்டில்ஸ் கடையோட பர்ன்ட் ஆல்மண்ட் டார்ட்டும் ஒரு துண்டு வாங்குங்க, முட்டை உண்டு. சாப்பிட்டு அப்படியே நடந்தா ஹைன்ஸ் ஹிஸ்டரி சென்டர், பழைய ஐஸ் கிடங்கு கட்டடம், இந்த ஊர் எப்படி ஸ்டீலும் கண்ணாடியும் கெட்சப்பும் செஞ்சு வளந்துச்சுன்னு அங்க தெளிவா தெரிஞ்சுக்கலாம்.

நம்ம சாப்பாடு வேணும்னா கிழக்கால பென் ஹில்ஸ் போகணும், அங்கதான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கோயில். 1970கள்ல கட்டினது, அமெரிக்காவுலயே பழைய பெருமாள் கோயில்கள்ல ஒண்ணு, திருப்பதி தேவஸ்தானத்தோட உதவியோட வந்தது, நியூ ஜெர்சி, ஒஹாயோன்னு அக்கம் பக்கத்து ஸ்டேட்ல இருந்து தமிழ், தெலுங்கு, கன்னட குடும்பங்கள் லாங் வீக்கெண்ட்னாலே இங்க வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க, அந்த வழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல நடக்குது. மலைச்சரிவுல வெள்ளையா கோபுரம், இலை இல்லாத நாள்ல தூரத்துல இருந்தே தெரியும். தரிசனம் முடிச்சு கீழ கேன்டீன்ல புளியோதரை, தயிர் சாதம் சாப்பிடாம வராதீங்க. தேங்க்ஸ்கிவிங் வீக்கெண்ட்ல கூட்டம் நல்லா இருக்கும், காலைல சீக்கிரம் போயிடுங்க, செருப்பு கழட்டி வச்சுட்டு நடக்கற தரை சில்லுன்னு இருக்கும், பெரியவங்களுக்கு கனமான சாக்ஸ் போட்டு விடுங்க. போற வழி பார்க்வே ஈஸ்ட், அதுல ஸ்குவிரல் ஹில் டனல் கிட்ட எந்த நேரமும் வண்டி தேங்கும், அரை மணி கூட வச்சுக்கோங்க. பஸ்ல போறது கஷ்டம், கார் இல்லன்னா ஊபர்தான். மளிகை சாமான் வேணும்னா பக்கத்துல மன்ரோவில்ல இந்தியன் கடைங்க இருக்கு.

டவுன்டவுனை ராத்திரிக்கு வச்சுக்கோங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு காரணம் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை பொதுவா லைட் அப் நைட் நடக்கும், 1960ல இருந்து வர்ற பழக்கம், அன்னிக்கு மரத்துக்கு லைட் போட்டு வாணவேடிக்கை விட்டு சீசனை ஆரம்பிச்சு வைப்பாங்க. கூட்டம் பிடிக்கும்னா அன்னிக்கு போங்க, பிடிக்காதுன்னா அதுக்கு அடுத்த நாள் போங்க, லைட் அப்படியேதான் இருக்கும். பிபிஜி பிளேஸ்ல கண்ணாடி கோபுரங்களுக்கு நடுவுல பெரிய கிறிஸ்துமஸ் மரத்தை சுத்தி ஐஸ் ஸ்கேட்டிங், சறுக்க தெரியலன்னாலும் வேடிக்கை பாக்க நல்லா இருக்கும். வெள்ளிக்கிழமையா இருந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் நார்த் ஷோர்ல ஓவியர் ஆண்டி வார்ஹால் மியூசியம், அவர் இந்த ஊர்ல 1928ல பொறந்தவர், சாயங்காலம் டிக்கெட் பாதி விலை, ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கும், லிஃப்ட்ல ஏழாவது மாடிக்கு போய் அங்க இருந்து இறங்கிக்கிட்டே பாருங்க. போகறப்போ அவர் பேர் வச்ச மஞ்சள் பாலத்துல நடந்து போங்க, அது ஒரே அச்சுல 1920கள்ல கட்டின மூணு பாலத்துல ஒண்ணு, மத்த ரெண்டுக்கு பேஸ்பால் வீரர் ராபர்டோ கிளெமென்டே, சுற்றுச்சூழல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பேர். திரும்பறப்போ டி ட்ரெயின், ஆத்துக்கு அடியில போகும், நார்த் ஷோருக்கும் டவுன்டவுனுக்கும் நடுவுல டிக்கெட்டே வேண்டாம், இலவசம்.

தங்கறதுக்கு கார் இல்லாதவங்க டவுன்டவுன் இல்லன்னா நார்த் ஷோர் எடுங்க, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி அந்த ஞாயித்துக்கிழமை ஸ்டீலர்ஸ் உள்ளூர் மேட்ச் இருக்கான்னு பாருங்க, இருந்தா ரூம் விலை எகிறும், பார்க்கிங்கும் கிடைக்காது. மேட்ச் அன்னிக்கு ஊரே கறுப்பும் மஞ்சளுமா கையில மஞ்சள் டவலை சுத்திக்கிட்டு போகும், டிக்கெட் இல்லன்னாலும் அந்த கூட்டத்தோட பாலத்துல நடந்து பாருங்க, இந்த ஊர் ஜனங்க தெரியாதவங்ககிட்டயும் நின்னு பேசுவாங்க.

தேங்க்ஸ்கிவிங் வியாழன் அன்னிக்கு மட்டும் தனியா யோசிக்கணும். மியூசியம், ஃபிப்ஸ் எல்லாம் லீவ், ஹோட்டல் முக்காவாசி மூடல், பஸ் கம்மி, காலைல டர்க்கி ட்ராட் ஓட்டத்துக்காக டவுன்டவுன்ல சில ரோடு கொஞ்ச நேரம் அடைச்சிருப்பாங்க. முந்தின நாளே சாப்பாட்டுக்கு வாங்கி வச்சுடுங்க. அன்னிக்கு பாயின்ட் ஸ்டேட் பார்க் போங்க, அலிகெனியும் மோனங்கஹேலாவும் சேர்ந்து ஒஹாயோ ஆறா மாறற முனை. குளிர்காலத்துல ஃபவுன்டனை நிறுத்திடுவாங்க, ஆனா முனையில நின்னு ரெண்டு ஆத்து தண்ணியும் வேற வேற கலர்ல வந்து கலக்கறதை பாக்கலாம், மழை பெஞ்ச மறுநாள் மோனங்கஹேலா பக்கம் சேறா இருக்கும். பார்க்குக்குள்ளயே ஒரு சின்ன செங்கல் கட்டடம், ஃபோர்ட் பிட் பிளாக் ஹவுஸ், 1764ல கட்டினது, ஊர்லயே பழசு. இந்த முனையை பிடிக்கத்தான் ஃபிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் அடிச்சுக்கிட்டாங்க.

கார் ஓட்டறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். சிக்னல் பச்சை விழுந்ததும் எதிர்ல லெஃப்ட் திரும்ப நிக்கறவர் உங்களுக்கு முன்னாடி சட்டுன்னு திரும்புவார், இது சட்டம் இல்ல, ஆனா ஊர் பூரா இதுதான் பழக்கம், பிட்ஸ்பர்க் லெஃப்ட்னே பேர், அதனால பச்சைய பாத்ததும் ஆக்ஸிலரேட்டரை அமுக்காதீங்க. மேப்ல நூறு அடி தள்ளி தெரியற இடம் நிஜத்துல ஒரு மலைக்கு மேலயோ பாலத்துக்கு கீழயோ இருக்கும், நடந்து போறதுக்கு முன்னாடி படிக்கட்டு வழியான்னு பாருங்க. இருட்டினப்புறம் ஊருக்கு வெளிய போனா மான், நவம்பர்தான் அதுங்க இணை தேடி ஓடற மாசம், ரோட்டுல திடீர்னு குதிக்கும், ஒண்ணு தாண்டிச்சுன்னா பின்னாடி இன்னொண்ணு வரும்னு வச்சுக்கோங்க. தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கும், காட்டுப் பக்கம் ஹைக்கிங் போறவங்க கண்ணை பறிக்கற ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டோ குல்லாவோ போட்டுக்கோங்க.

ஒரு நாள் கூடுதலா இருந்தா ஃபாலிங்வாட்டர், ஒன்றரை மணி நேர டிரைவ். ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் 1935ல டிசைன் பண்ண வீடு, டவுன்டவுன்ல பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வச்சிருந்த காஃப்மன் குடும்பத்துக்காக அருவி மேலயே கட்டினது, 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. இலை உதிர்ந்த மாசத்துல கீழ இருந்து பாத்தா வீடும் பாறையும் தண்ணியும் மறைப்பே இல்லாம தெரியும், எனக்கு கோடையை விட இதுதான் பிடிக்கும். டிக்கெட் முன்னாடியே எடுக்கணும், புதன்கிழமை லீவ், டிசம்பர்ல திறக்கற நாளே குறைஞ்சுடும், ஆறு வயசுக்கு கீழ பிள்ளைங்களை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க, ரிப்பேர் வேலைக்காக சாரம் கட்டியிருக்கான்னு வெப்சைட்ல பாத்துட்டு போங்க. போன் சிக்னல் கிடைக்காது, மேப்பை டவுன்லோட் பண்ணிக்கோங்க. இங்கயும் காலை டூரே எடுங்க, மலை ரோட்டுல இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம்.

நியூ ஜெர்சி, பிலடெல்பியா பக்கம் திரும்பறவங்க டோல் ரோடான டர்ன்பைக்ல போனா, டோல் தானா கழியற ஈசிபாஸ் கண்டிப்பா வச்சுக்கோங்க, இல்லன்னா நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வாங்குவாங்க, ரென்டல் கார்னா அதுக்கு மேல அவங்க ஃபீஸ் வேற. பிட்ஸ்பர்க்ல மழை பெய்யற அன்னிக்கு சோமர்செட் மலைப்பக்கம் பனி பெய்யும், அந்த ஊர் வெதரையும் சேத்து பாத்துட்டு கிளம்புங்க. ட்ரெயின்ல போக ஆசை இருந்தா ஆம்ட்ராக்கோட பென்சில்வேனியன் தினமும் நியூயார்க் போகுது, ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆல்டூனா கிட்ட ஹார்ஸ்ஷூ கர்வ்னு 1854ல போட்ட வளைவுல மலையை சுத்தி இறங்கும். வர்றப்போ இதுல வராதீங்க, அந்த இடம் வர்றதுக்குள்ள இருட்டிடும், திரும்பறப்போ போங்க, காலைல கிளம்பற வண்டி, அந்த வளைவு நல்ல பகல் வெளிச்சத்துல கிடைக்கும்.